வாசலை மறிக்கும் நெருப்பு



பிழைப்பை நாடித் திருப்பதிக்கும் சித்தூருக்கும் வந்து குடியமர்ந்த தமிழ்க் குடும்பங்களுக்குப் பேட்டரி புதிய பொருள் அன்று. 1985-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட அமரராஜா நிறுவனத்தின் ஆலைகள் கரகம்பாடியிலும் சித்தூருக்கு அருகிலும் எழும்பிய நாள்முதல், பேட்டரித் தொழிலே அநேக வீடுகளில் அடுப்பெரியச் செய்கிறது. 2022 செப்டம்பரில் இத்தொழில் இன்னொரு படி ஏறியது. சென்னையைச் சேர்ந்த முனோத் நிறுவனம் 165 கோடி ரூபாய் முதலீட்டில் திருப்பதியில் அமைத்த லித்தியம் செல் ஆலையின் முன்னோட்ட உற்பத்தியை மத்திய இணையமைச்சர் ராஜீவ் சந்திரசேகர் அம்மாதத்தில் தொடங்கி வைத்தார். நாளொன்றுக்கு 20,000 செல்கள் செய்யத்தக்க ஆலை அது என்று அப்பொழுது அறிவிக்கப்பட்டது. அதே மாதத்தின் இறுதியில் திருப்பதியில் மின்பேருந்துச் சேவையும் தொடங்கி வைக்கப்பட்டது.

ஆலையும் பேருந்தும் இருக்கட்டும். நம் வீட்டுக்குள்ளேயே எத்தனை லித்தியம் பேட்டரிகள் இருக்கின்றன என்று சற்றே எண்ணிப் பாருங்கள். கைப்பேசி, பவர் பேங்க், மடிக்கணினி, பிள்ளைகளின் விளையாட்டுக் கார், கரண்ட் போனால் எரிகிற விளக்கு, சில வீடுகளில் இன்வெர்ட்டர், வாசலில் மின்ஸ்கூட்டர். சபை கூடுகிற மாடி மண்டபத்தில் கையடக்க ஒலிபெருக்கியும் கார்ட்லெஸ் மைக்கும் உண்டு. நம்மை அறியாமலே இப்பொருள் நம் நடுவில் குடியேறிவிட்டது. அதைச் செய்யக் கற்றுக்கொண்டோம், வாங்கவும் ஓட்டவும் கற்றுக்கொண்டோம். அது தீப்பற்றினால் முதல் இரண்டு நிமிடங்களில் என்ன செய்வது என்பதை மட்டும் நம்மில் அநேகர் கற்றுக்கொள்ளவில்லை. இம்மாதம் அதைக் குறித்தே எழுதுகிறோம்.

வேலூரில் நடந்தது

சித்தூரிலிருந்து ஏறக்குறைய 35 கிலோமீட்டர் தொலைவில் இருப்பது வேலூர். அவ்வூரின் சின்ன அல்லாபுரத்தில் 2022 மார்ச் 25 அன்று இரவு, சார்ஜில் இருந்த ஒரு மின்ஸ்கூட்டர் தீப்பற்றியது. வீட்டில் உறங்கிக்கொண்டிருந்த தகப்பனும் அவருடைய 13 வயது மகளும் மரித்தார்கள். அவர்களைக் கொன்றது நெருப்பு அன்று, புகை. வெளியேற வழியின்றி மூச்சுத் திணறி இருவரும் உயிரிழந்தார்கள்.

ஒரு மாதமும் கடவாத நிலையில், அதே ஆண்டு ஏப்ரலில், விஜயவாடாவில் மின்ஸ்கூட்டரிலிருந்து கழற்றிய பேட்டரியைப் படுக்கையறையிலேயே சார்ஜில் வைத்து ஒரு குடும்பம் உறங்கியது. விடியுமுன் அது வெடித்ததில் கணவர் மரித்தார், மனைவி கடுமையான தீக்காயம் அடைந்தார். அவ்வாண்டு செப்டம்பர் 12 அன்று இரவு, செகந்திராபாத்தில் ஒரு தங்கும் விடுதியின் கீழ்த்தளத்தில் இயங்கிவந்த மின்ஸ்கூட்டர் விற்பனையகத்தில் தீ மூண்டது. தீ பிடித்தது கீழே, உயிர்கள் போனதோ மேலே. மாடிப்படியின் வழியே ஏறிய புகை 8 உயிர்களைக் கொண்டுபோயிற்று. 2025 மார்ச்சில் சென்னை மதுரவாயலில், குடியிருப்பின் கீழ்த்தளத்தில் சார்ஜில் இருந்த மின்வண்டி தீப்பற்றியபோது, 9 மாதக் குழந்தை ஒன்று இறந்தது.

ஊர்கள் வேறு, வண்டிகள் வேறு, காரணங்களும் ஒன்றுக்கொன்று வேறாக இருந்திருக்கலாம். பழைய ஒயரிங் சில இடங்களில், பழுதான பேட்டரி சில இடங்களில். ஆனால் ஒரு காரியத்தை மாத்திரம் கவனியுங்கள். உறங்குகிறவர்களுக்கு அருகில், அல்லது அவர்கள் வெளியேற வேண்டிய பாதையில் பேட்டரி இருந்தது. லித்தியம் பேட்டரி தீப்பற்றுவது அபூர்வமே. இலட்சக்கணக்கான வண்டிகள் ஒவ்வொரு இரவும் பத்திரமாய்ச் சார்ஜ் ஆகின்றன. ஆயினும் பற்றுகிற அந்த ஒரு பேட்டரி எங்கே நிற்கிறது என்பதே, வண்டி மட்டும் எரியுமா அல்லது குடும்பமும் அழியுமா என்பதைத் தீர்மானிக்கிறது.

இந்த நெருப்பின் சுபாவம்

நமக்குப் பழக்கமான இன்வெர்ட்டர் பேட்டரியிலும் லாரி பேட்டரியிலும் இருப்பது ஈயமும் கந்தக அமிலமும். அது கசிந்தால் துணியைப் பொத்தலாக்கும், தோலைப் புண்ணாக்கும். சமையல் சோடாவைத் தூவி, நிறைய நீர் ஊற்றிக் கழுவுவோம். தலைமுறையாய் நாம் கற்ற பாடம் இது. லித்தியம் பேட்டரிக்கு இப்பாடம் போதாது. இதற்குள் இருப்பது அமிலத்தண்ணீர் அன்று. பெட்ரோலைப் போல எளிதில் தீப்பற்றக்கூடிய ஒரு திரவமும், அதில் கரைந்த லித்தியம் உப்பும் இருக்கின்றன. அந்தத் திரவத்தின் நடுவே நேர்த்தகட்டையும் எதிர்த்தகட்டையும் பிரித்து நிற்பது, தலைமுடியைவிட மெல்லிய ஒரு பிளாஸ்டிக் திரை.

வண்டி கீழே விழுந்து பேட்டரி நசுங்கினாலும், பொருந்தாத சார்ஜரினால் அளவுக்கு மிஞ்சி மின்சாரம் ஏறினாலும், மழைநீர் உள்ளே புகுந்தாலும், செய்யும்போதே ஒரு குறை நேர்ந்திருந்தாலும் உள்ளே வெப்பம் கூடுகிறது. ஏறக்குறைய 130 டிகிரியில் அந்தத் திரை உருகத் தொடங்குகிறது. இரண்டு தகடுகளும் ஒன்றையொன்று தொட்ட மாத்திரத்தில், வெப்பமே மேலும் வெப்பத்தைப் பிறப்பிக்கும் ஓட்டம் ஆரம்பமாகிறது. ஒரு செல் பல நூறு டிகிரிக்குக் கொதித்துப் பக்கத்துச் செல்லைக் கொளுத்துகிறது. அது அடுத்ததைக் கொளுத்துகிறது. பேட்டரிக்குள் இருக்கும் சிலவகை வேதிப்பொருள்கள் அந்த வெப்பத்தில் தாமே ஆக்சிஜனை வெளிவிடுவதால், மேலே போர்வையைப் போட்டு மூடி இந்நெருப்பை மூச்சடக்க முடியாது.

அதிலிருந்து எழும் புகையோ நெருப்பைவிடக் கொடியது. கார்பன் மோனாக்சைடு, ஹைட்ரஜன், ஹைட்ரஜன் ஃபுளோரைடு ஆகிய வாயுக்கள் அதில் உண்டு. முதலாவது, மயக்கமடையச் செய்து கொல்லும். இரண்டாவது, மூடிய அறையில் தேங்கி வெடிக்கும். மூன்றாவது, கண்ணையும் தொண்டையையும் நுரையீரலையும் அரிக்கும். அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் 2019 ஏப்ரல் 19 அன்று, மின்சாரம் சேமித்து வைக்கும் பேட்டரி அறை ஒன்றில் புகை கண்டு தீயணைப்பு வீரர்கள் போனார்கள். பல மணி நேரம் காத்திருந்து கதவைத் திறந்தார்கள். உள்ளே தேங்கியிருந்த வாயு வெடித்து, தேர்ந்த பயிற்சியும் முழுக் கவசமும் பெற்ற அவ்வீரர்களே தூக்கியெறியப்பட்டுப் படுகாயம் அடைந்தார்கள். அப்படியானால் லுங்கியோடும் நைட்டியோடும் நிற்கிற நாம் எம்மாத்திரம்!

எங்கே சார்ஜ் செய்வது?

நகரத்துக்கு வந்தவர்களின் வீடு எப்படிப்பட்டது என்பதை நாம் அறிவோம். வரிசையாய் நாலைந்து போர்ஷன்கள், எல்லாருக்கும் ஒரே குறுகிய நடை, ஒரே கேட், மாடிக்கு ஒரே படி. வண்டியை வெளியே நிறுத்தினால் களவு போகுமோ என்று அஞ்சி நடையிலோ படியின் அடியிலோ நிறுத்துகிறோம். ஜன்னல் வழியே எக்ஸ்டென்ஷன் ஒயரை நீட்டி இரவு முழுவதும் சார்ஜ் போடுகிறோம். அதாவது, ஐந்து குடும்பங்களும் தப்பிக்க வேண்டிய ஒரே வழியில், தீப்பற்றக்கூடிய ஒரே பொருளைக் கொண்டுவந்து வைத்துவிட்டு உறங்கப் போகிறோம்.

இதை மாற்றுவதற்குப் பெரும் பணம் வேண்டியதில்லை. பின்வருவனவற்றைக் கவனியுங்கள்.

முதலாவது, வாசலுக்கும் படுக்கைக்கும் நடுவே எந்தப் பெரிய பேட்டரியையும் சார்ஜ் செய்யாதீர்கள். மாடிப்படியின் அடியும் வேண்டாம். காற்றோட்டமான திறந்தவெளியில், சுவரோரமாய், வெயிலும் மழையும் நேரே படாத இடத்தில் செய்யுங்கள். அத்தகைய இடம் இல்லையென்றால் பொதுச் சார்ஜிங் நிலையத்தையோ, பகலில் வேலை செய்யும் இடத்தையோ நாடுங்கள். வீட்டுக்காரரிடம் போர்ஷன் குடும்பங்கள் எல்லாரும் சேர்ந்து கேட்டால், கேட்டுக்கு வெளியே ஒரு பிளக் பாயிண்ட் வைக்கச் சம்மதிக்காத வீட்டுக்காரர் அரிது.

இரண்டாவது, எல்லாரும் உறங்கும் நேரத்தில் சார்ஜ் போடாதீர்கள். மாலையில் வீடு திரும்பியதும் வண்டி சூடாயிருக்கும். அரைமணி நேரமாவது ஆறவிட்டு, விழித்திருக்கும்போதே சார்ஜ் ஏற்றி, படுக்கைக்குப் போகுமுன் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். கைப்பேசியையும் பவர் பேங்கையும் தலையணைக்கு அடியிலோ மெத்தையின்மேலோ வைத்துச் சார்ஜ் செய்யும் வழக்கத்தைப் பிள்ளைகளிடமிருந்து அடியோடு நீக்குங்கள்.

மூன்றாவது, வண்டியோடு வந்த சார்ஜரை மட்டுமே பயன்படுத்துங்கள். மெல்லிய ஒயர் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வேண்டாம். எர்த் இணைப்புள்ள 16 ஆம்பியர் பிளக் பாயிண்டை ஒரு நல்ல எலக்ட்ரீசியனைக் கொண்டு அமையுங்கள்.

நான்காவது, பழைய வண்டி வாங்குகிறவர்கள் அது தயாரிக்கப்பட்ட தேதியைப் பாருங்கள். 2022-ல் நேரிட்ட தீவிபத்துகளுக்குப் பின்பு மத்திய அரசு டி.ஆர்.டி.ஓ.வின் ஆய்வு மையத்தை விசாரிக்கச் சொல்லி, நிபுணர் குழுவையும் அமைத்தது. அதன் பலனாக இருசக்கர மின்வண்டிப் பேட்டரிகளுக்கான ஏ.ஐ.எஸ். 156 என்னும் தரவிதி கடுமையாக்கப்பட்டு, 2022 டிசம்பர் 1 முதலும் 2023 மார்ச் 31 முதலும் இரண்டு கட்டங்களாக நடைமுறைக்கு வந்தது. உள்ளே வெப்பம் கட்டுமீறும்போது எச்சரிக்கை தருவதும் அவ்விதியின் பகுதி. அதற்கு முந்தைய வண்டிகளில் இந்தக் காவல்கள் இல்லாமல் இருக்கலாம். மலிவாய்க் கிடைக்கிறதென்று, முத்திரையற்ற பேட்டரியையும், சந்துக்கடையில் செல் மாற்றிக் கட்டிய பேட்டரியையும் வாங்காதீர்கள். விழுந்து அடிபட்ட பேட்டரியையும், வெள்ளநீரில் மூழ்கிய பேட்டரியையும் நிறுவனத்தின் சர்வீஸ் சென்டரில் காட்டாமல் மறுபடியும் சார்ஜில் போடாதீர்கள்.

அமெரிக்காவின் நியூயார்க் நகரத்தில், உணவு கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை செய்கிற ஏழைக் குடியேறிகள் மின்மிதிவண்டிகளைத் தங்கள் சிறிய அறைகளில் சார்ஜ் செய்கிறார்கள். 2023-ஆம் ஆண்டில் மாத்திரம் அந்நகரத்தில் 268 லித்தியம் பேட்டரித் தீவிபத்துகள் நேர்ந்து, 18 பேர் மரித்தார்கள். அந்நகரத்துத் தீயணைப்புத் துறையும் ஜனங்களுக்குத் திரும்பத் திரும்பச் சொல்வது இதுவே: வெளியேறும் வழியில் சார்ஜ் செய்யாதிருங்கள்.

பேட்டரி கசிந்தால்

தீப்பற்றுமுன் பேட்டரி அநேகமாய் ஓர் அடையாளத்தைக் காட்டும். வீங்கும், கைவைக்க முடியாதபடி சுடும், சீறும் ஒலி எழும், நெயில் பாலிஷ் போன்ற இனிப்பு கலந்த நெடி வீசும், ஈரம் கசியும். இவற்றில் ஒன்றைக் கண்டாலும் சார்ஜை நிறுத்துங்கள். பிளக்கின் அருகே போவது ஆபத்து என்று தோன்றினால் மெயின் சுவிட்சை அணையுங்கள். பிள்ளைகளை வெளியே அனுப்பி, ஜன்னல்களைத் திறந்துவிடுங்கள். அடுப்பு, ஊதுவத்தி, மெழுகுவர்த்தி எதுவும் அருகில் எரியலாகாது.

கைப்பேசி அல்லது பவர் பேங்க் வீங்கியிருந்து, சூடோ புகையோ இல்லையென்றால், இடுக்கியால் எடுத்து ஓர் உலோகப் பாத்திரத்தில் உலர்ந்த மணலின்மேல் வைத்து வெளியே கொண்டுபோய் வையுங்கள். அதை அமுக்கவோ, குத்திக் காற்றை வெளியேற்றவோ, குளிர்பெட்டியில் வைக்கவோ வேண்டாம். தரையில் கசிந்த திரவத்தின்மேல் உலர்ந்த மணலை அல்லது மண்ணைத் தூவி உறிஞ்சவிட்டு, கையுறையணிந்து அள்ளி, உலோக டப்பாவில் போட்டு வெளியே வையுங்கள். மரத்தூளும் பழந்துணியும் இதற்கு உதவா. அவை தாமே எரியும்.

திரவம் தோலில் பட்டால் நனைந்த உடையைக் கழற்றி, ஓடும் நீரில் குறைந்தது 15 நிமிடம் கழுவுங்கள். கண்ணில் பட்டால் இமைகளை விரித்துப் பிடித்து அவ்வாறே கழுவிக்கொண்டிருங்கள். பின்பு தாமதமின்றி மருத்துவமனைக்குப் போங்கள். அங்கே வெறும் தீக்காயம் என்றோ ஆசிட் என்றோ சொல்லாமல், லித்தியம் பேட்டரியின் திரவம் பட்டது என்று தெளிவாய்ச் சொல்லுங்கள். ஏனெனில் அத்திரவம் ஈரத்தோடு சேர்ந்து ஹைட்ரஜன் ஃபுளோரைடை உண்டாக்கக்கூடும். அதனாலாகும் புண் முதலில் சிறிதாய்த் தோன்றிப் பின்பே உள்ளே ஆழமாய் அரிக்கும். அதற்குக் கால்சியம் குளுக்கோனேட் என்னும் தனி மருந்து இருக்கிறது. நீங்கள் சொன்னால்தான் மருத்துவர் அதை நினைவுகூருவார்.

தீப்பற்றினால்

கையளவு பேட்டரி என்றால் ஒருவிதம், வண்டிப் பேட்டரி என்றால் வேறுவிதம்.

கைப்பேசியோ பவர் பேங்கோ எரிந்தால் அதைக் கையால் எடுத்து எறிய முயலாதீர்கள். மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, எட்ட நின்று, நீரைத் தாராளமாய் ஊற்றுங்கள். லித்தியத்தின்மேல் நீர் பட்டால் வெடிக்குமே என்று பள்ளியில் வேதியியல் படித்த பிள்ளைகள் கேட்பார்கள். அவர்கள் சொல்வது தனி லித்தியம் உலோகத்தைக் குறித்தது. நாம் சார்ஜ் ஏற்றிப் பயன்படுத்துகிற லித்தியம் அயனி பேட்டரியில் லித்தியம் பெரும்பாலும் உலோகமாய் இராமல் சேர்மமாய் இருக்கிறது. ஆகவே அதைக் குளிர்விக்க நீரே நல்லது. உலர்பொடி நிரப்பிய சிவப்பு சிலிண்டர் சுவாலையை ஒரு நொடி தாழ்த்தும், உள்ளிருக்கும் வெப்பத்தைத் தணிக்காது. ஆகையால் மறுபடியும் பற்றும்.

மின்ஸ்கூட்டரோ, பெரிய இன்வெர்ட்டர் பேட்டரியோ எரிந்தால், அதை அணைப்பது உங்கள் வேலை அன்று. உங்கள் வேலை ஜனங்களை வெளியேற்றுவது. உரத்துக் கூப்பிட்டு எல்லாரையும் எழுப்புங்கள். குழந்தைகளையும் முதியோரையும் அழைத்துக்கொண்டு வெளியேறுங்கள். போகும்போது கதவைச் சாத்துங்கள். சாத்திய கதவு புகையைத் தாமதப்படுத்தும். பணப்பை, நகை, ஆதார் அட்டை, சான்றிதழ் என்று எதற்காகவும் திரும்பாதீர்கள். புகை மேலே நிற்குமாதலால், குனிந்து அல்லது தவழ்ந்து செல்லுங்கள். ஈரத்துணியை மூக்கில் கட்டிக்கொண்டால் கரித்தூளைச் சற்றே தடுக்கும், விஷவாயுவைத் தடுக்காது. அதை நம்பிப் புகைக்குள் நுழையாதீர்கள்.

வாசலிலேயே நெருப்பு நின்றால்? அதன் ஊடாய் ஓட முயலவேண்டாம். நெருப்புக்குத் தூரமான, தெருவை நோக்கிய ஜன்னலோ பால்கனியோ உள்ள அறைக்குள் போய்க் கதவைச் சாத்துங்கள். கதவின் அடியிலுள்ள இடைவெளியை ஈரத்துணியால் அடையுங்கள். ஜன்னலைத் திறந்து உதவிக்குக் கூப்பிடுங்கள். தண்ணீர் இருக்கிறதென்று ஜன்னலற்ற குளியலறைக்குள் ஒளியாதீர்கள். நீர் இருந்தும் காற்று இல்லாவிட்டால் பயனென்ன? ஜன்னலுக்கு இரும்புக் கம்பி போட்டிருப்பவர்கள் ஒரு ஜன்னலையாவது உள்ளிருந்து திறக்கத்தக்கதாய்ப் பூட்டோடு அமைத்து, சாவியை எல்லாரும் அறிந்த இடத்தில் தொங்கவிடுங்கள்.

வெளியே வந்தபின் 101 அல்லது 112 எண்ணை அழையுங்கள். எரிவது லித்தியம் பேட்டரி என்று முதலிலேயே சொல்லுங்கள். அதைக் கேட்டால் அவர்கள் அதிக நீரோடும் மூச்சுக்கவசத்தோடும் வருவார்கள். ஆந்திரத்துக்குப் புதிதாய் வந்த பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு தெலுங்கு வாக்கியத்தைக் கற்றுக்கொடுங்கள்: “பேட்டரிகி மண்டலு அண்டுகுன்னாயி.” பேட்டரியில் தீப்பற்றிக்கொண்டது என்பது பொருள். கூடவே தெருவின் பெயரும், அடையாளமாய் ஒரு கடையின் பெயரும் மனப்பாடமாய் இருக்கட்டும். புகையைச் சுவாசித்தவர் நன்றாய் இருப்பதாகச் சொன்னாலும் 108-ல் மருத்துவமனைக்கு அனுப்புங்கள். நுரையீரலில் நீர் கோப்பது சில மணி நேரம் கழித்தும் நேரிடலாம்.

அணைந்த பிறகு

சுவாலை அடங்கியதும் காரியம் முடிந்தது என்று எண்ணுவது இயல்பு. இப்பேட்டரியின் விஷயத்தில் அது தவறு. உள்ளே எரியாமல் மீந்த செல்கள் சில மணி நேரம் கழித்தும், சில நாட்கள் கழித்துங்கூட மறுபடியும் பற்றுவதுண்டு. ஆகவே எரிந்த வண்டியைக் கட்டடத்திலிருந்தும் மற்ற வண்டிகளிலிருந்தும் 15 மீட்டராவது தள்ளித் திறந்தவெளியில் வைக்கத் தீயணைப்போரைக் கேட்டுக்கொள்ளுங்கள். வீட்டுக்குள் படிந்த கரியைப் பிள்ளைகள் தொடாதபடி காத்து, வீட்டை நன்கு காற்றோட விடுங்கள்.

பழையதாகிப்போன பேட்டரியைக் குப்பைத்தொட்டியில் போடுவதும் ஒரு தீயை விதைப்பதே. குப்பை லாரி அதை நசுக்கும்போது அது பற்றும். அங்கே கருகுவது துப்புரவுப் பணி செய்கிற ஓர் ஏழையின் கை. 2022-ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, பழைய பேட்டரிகளைத் திரும்பப் பெற்று மறுசுழற்சி செய்விக்கும் கடமை உற்பத்தியாளர்களைச் சாரும். அவற்றை வீட்டுக் குப்பையோடு கலக்காமல் தனியே ஒப்படைக்கும் கடமை நம்மைச் சாரும். முனைகளில் இன்சுலேஷன் டேப் ஒட்டி, கடையிலோ சேகரிப்பு மையத்திலோ கொடுங்கள்.

வேலை செய்யும் இடத்திலும் சாலையிலும்

வீட்டுக்குச் சொன்னது ஆலைக்கும் பொருந்தும். சித்தூரை அடுத்த அமரராஜா ஆலையில் 2023 ஜனவரி 30 அன்று பெருந்தீ மூண்டது. அது ஈய அமிலப் பேட்டரிகள் செய்யும் பிரிவு. பொருள் நஷ்டம் நேர்ந்தது. ஆனால் ஊழியர்கள் வெளியேறினார்கள், உயிர்ச்சேதம் இல்லை.

இதற்கு மாறாகத் தென்கொரியாவின் ஹ்வாசோங் நகரத்தில் 2024 ஜூன் 24 அன்று நடந்ததைப் பாருங்கள். அரிசெல் என்னும் ஆலையில், ஒருமுறை மட்டுமே பயன்படும் லித்தியம் பேட்டரிகள் குவித்து வைக்கப்பட்டிருந்த தளத்தில் ஒரு பேட்டரி புகைந்தது. அருகிலிருந்தவர்கள் தீயணைப்புக் கருவியால் அணைக்கப் பார்த்தார்கள். ஒரு நிமிடத்துக்குள் அந்தத் தளம் முழுவதும் புகையால் நிறைந்தது. 23 பேர் மரித்தார்கள். அவர்களில் 18 பேர் அயல்நாட்டிலிருந்து பிழைக்க வந்த தொழிலாளர்கள். வெளியேறும் வழியை அறியாமல், வழியற்ற ஒரு மூலையை நோக்கி அநேகர் ஓடியிருந்தார்கள். போதிய பாதுகாப்புப் பயிற்சி அவர்களுக்கு அளிக்கப்படவில்லை என்று விசாரணையில் தெரியவந்தது.

வாசகர்களே, அவர்களும் நம்மைப் போலவே ஊரைவிட்டு வந்தவர்கள். ஒப்பந்தக்காரர் மூலமாய், பாஷை அறியாத இடத்தில், நேற்றுச் சேர்ந்து இன்று வேலைக்கு நின்றவர்கள். உங்கள் வீட்டிலிருந்து யாரேனும் பேட்டரி ஆலைக்கோ, செல்போன் ஆலைக்கோ, கிடங்குக்கோ வேலைக்குப் போனால், சம்பளம் எவ்வளவு என்று கேட்பதோடு இதையும் கேளுங்கள்: “நீ நிற்கிற இடத்திலிருந்து வெளியே போகும் வழிகள் எத்தனை? இரண்டாவது வழி எது? அது பூட்டியிருக்கிறதா?” பதில் தெரியாவிட்டால், மறுநாளே மேற்பார்வையாளரிடம் கேட்டறியச் சொல்லுங்கள். கேட்பதற்கு ஒப்பந்தத் தொழிலாளிக்கும் உரிமை உண்டு.

சித்தூர் வழியாய்ச் சென்னைக்கும் பெங்களூருக்கும் போகிற லாரிகளை ஓட்டுகிற சகோதரர்களுக்கும் ஒரு வார்த்தை. பெட்டியின்மேல் சாய்சதுர வில்லை ஒட்டி, அதன் மேற்பாதியில் கறுப்புக் கோடுகளும், கீழ்ப்பாதியில் தீப்பிழம்புடன் பேட்டரிகளின் படமும் இருந்தால், அது லித்தியம் பேட்டரிச் சரக்கு. அமெரிக்கா, கனடா ஆகிய நாடுகளில் தீயணைப்போர் கைக்கொள்ளும் அவசரகால வழிகாட்டி நூலின்படி, அத்தகைய சரக்கு கசிந்தால் எல்லாப் பக்கமும் குறைந்தது 25 மீட்டர் விலகவேண்டும். லாரியே தீப்பற்றினால் 500 மீட்டர் சுற்றளவுக்குள் ஒருவரும் நிற்கலாகாது. காற்று வீசி வருகிற பக்கத்தில் நில்லுங்கள், காற்று போகிற பக்கத்தில் நிற்காதீர்கள். கைப்பேசியில் படமெடுக்க அருகே ஓடும் வாலிபரைத் தடுத்து நிறுத்துங்கள்.

இன்று இரவே

இத்தனை எழுதியது மின்வண்டி வேண்டாம் என்று சொல்வதற்கு அல்ல. பெட்ரோல் விலையில் திணறும் குடும்பத்துக்கு அது மெய்யாகவே உதவுகிறது. சமையல் எரிவாயு முதன்முதல் வீட்டுக்கு வந்தபோதும் நம் தாய்மார் பயந்தார்கள். பின்பு, இரவில் ரெகுலேட்டரை மூடவும், நெடி வந்தால் சுவிட்சைத் தொடாமல் ஜன்னலைத் திறக்கவும் கற்றுக்கொண்டார்கள். அப்பயம் பழக்கமாய் மாறி வீட்டைக் காத்தது. லித்தியம் பேட்டரிக்கும் அப்படிப்பட்ட பழக்கமே வேண்டும்.

இன்று இரவு விளக்கணைக்குமுன் பிள்ளைகளோடு ஒருமுறை வாசல்வரைக்கும் நடந்து பாருங்கள். உங்கள் படுக்கைக்கும் தெருவுக்கும் நடுவே என்ன நிற்கிறது? அங்கே ஒரு சார்ஜர் ஒளிர்ந்துகொண்டிருந்தால், அதைப் பிடுங்கிவிட்டு வண்டியை வெளியே தள்ளி நிறுத்துங்கள். பக்கத்துப் போர்ஷன்காரரிடமும் சொல்லுங்கள். ஏனெனில் அவர் வண்டி நிற்கும் நடை உங்களுக்கும் வழி, உங்கள் வண்டி நிற்கும் நடை அவர் பிள்ளைகளுக்கும் வழி.